துவைக்கக் கூடாத ஜீன்ஸ்

"துவைச்சியா?"

இவாவோ வாய் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. கணுக்காலுக்கு மேலே ஏறி, தொடையைக் கவ்விக்கொண்டிருந்த ஜீன்ஸே சொல்லிவிட்டது.

"அக்கா, இங்க வந்து பாரு! கொக்கு ஒண்ணு வந்து நிக்குது" என்றான் கோசாக்கு.

நோபுவே தையல் மிஷின்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள். முதுகு விண்விண் என்றது. ஜீன்ஸ் கம்பெனி தொடங்கியதிலிருந்து அவளுக்கு ஞாயிறு என்று ஒரு கிழமையே இல்லாமல் போய்விட்டது.

அப்பா காலத்தில் கோஜிமா ஊரின் இந்தப் பட்டறையில் பள்ளிக்கூடச் சீருடை தைத்தார்கள். இப்போது அக்காவும் தம்பியும் சொந்தப் பெயரில் ஜீன்ஸ் தைத்து விற்கப்போகிறார்கள். எந்தத் துணி என்பதில்தான் இழுபறி. தறியிலிருந்து இறங்கியபடியே வரும் துணி ஒன்று. முதல் தண்ணீரில் சுருங்கிவிடும். ஆலையிலேயே நீராவி காட்டிச் சுருக்கி அனுப்பும் துணி இன்னொன்று. ஏதாவது ஒன்றுக்குத்தான் கையில் பணம். தப்பானதை எடுத்தால் பட்டறையே கைவிட்டுப் போகும்.

சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்று ஆலைக்காரர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

கோசாக்குவுக்குத் தறித் துணிதான். வசந்தத்திலேயே அதில் ஒரு ஜீன்ஸ் தைத்து, பட்டறை வண்டி ஓட்டும் இவாவோவிடம் கொடுத்திருந்தான். தினமும் போட வேண்டும், துவைக்கவே கூடாது. இந்தத் தொழிலில் அது வழக்கம். போட்டுப் போட்டு மடிப்பில் வெளுத்த ஜீன்ஸைக் காட்டித்தான் டோக்கியோ கடைக்காரர்களை மடக்கலாம்.

"திங்கக்கிழமை அவங்க வந்தா எதைக் காட்டுறது? உன் கணுக்காலையா?"

"மன்னிச்சுக்குங்க" என்றான் இவாவோ.

"மனுஷன் பட்ட வேர்வை, மண்ணு, மீன் நாத்தம் எல்லாம் துணியில ஏறணும்ப்பா. அதுதான் அழகு. துவைச்சா வாழ்ந்ததெல்லாம் போயிடும். எத்தனை தடவை சொன்னேன்? எதுக்குத் துவைச்சே?"

"நனைஞ்சிடுச்சுங்க."

"எதுல? கடல்லயா?"

"இல்லீங்க."

"மழையும் பெய்யலையே."

இவாவோ தரையைப் பார்த்தான்.

"அப்ப நீயே நனைச்சுக்கிட்டியா? இந்த வயசுலயேவா?"

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இவாவோவின் காது சிவந்தது.

"ஆமாங்க" என்றான்.

நோபுவேவுக்கு அவன்மேல் எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "போதும் விடு கோசாக்கு. நீ வண்டிக்குப் போ இவாவோ" என்றாள்.

தம்பியின் வாய் அப்படித்தான். ஆனாலும் அவள் பொறுத்துப் போவாள். ஷிமொத்சுய் துறைமுகத்துப் பழைய வீட்டில் கண்ணும் காதும் மங்கித் தனியாக இருக்கிறார் அப்பா. தினம் சோறு கொண்டுவர ஆள் உண்டு. குளிப்பாட்டுவது பிள்ளைகள் பொறுப்பு. ஞாயிறு அவள், புதன் அவன். அவனாவது ஒழுங்காகப் போகிறான் என்பது அவளுக்கு ஒரு பெரிய ஆறுதல். பக்கத்து வீட்டில் கருவாட்டுக்குப் பேய்க்கணவாய் காயப்போடும் அம்மாள்கூடப் போனில் சொன்னாள்: "வாரா வாரம் ஆள் வருதும்மா. உங்கப்பா படுக்கை பளிச்சுன்னு இருக்கு."

வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. நோபுவே எட்டிப் பார்த்தாள். இவாவோ தயங்கித் தயங்கி அங்கேயே நின்றான்.

"என்ன?"

"அக்கா, சுருக்கின துணியில தைச்சது ஏதாச்சும் இருந்தா ஒண்ணு குடுங்களேன். இதைப் போட்டுக் குந்த முடியல. குந்தாம அவரைத் தூக்க முடியாது."

"யாரை?"

இவாவோ நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யாரைத் தூக்கணும் இவாவோ?"

"பெரியவரைத்தான். சரக்கு இறக்கிட்டு அந்த வழியாத்தானே வரேன். குளிக்கிறதுக்குத் தூக்கி நிறுத்தும்போது, பாவம், இந்தத் தடவை அவருக்கு அடக்க முடியல. அதான் நனைஞ்சிடுச்சு. எல்லாரு முன்னாலயும் சொன்னா அவருக்கு அவமானம் இல்லையா?"

"புதன்கிழமையிலயா?"

"புதன்கிழமையிலயும்தான்."

அதற்குமேல் எதுவும் அவள் காதில் விழவில்லை. வாழ்ந்ததெல்லாம் துணியில் ஏற வேண்டுமாம்! பேச்சைப் பார்!

ஏப்ரனுக்குள் போன் அடித்தது. ஆலைக்காரர்.

"சுருக்கின துணியே அனுப்புங்க" என்றாள். "ஆமாங்க, யோசிச்சுத்தான் சொல்றேன். துவைக்காம இருக்க எல்லாருக்கும் கொடுத்து வைக்கல."

போனை வைத்த கையோடு பட்டறைப் பக்கம் திரும்பினாள். களைப்பெல்லாம் எங்கே போனதோ, குரல் கணீரென்று வந்தது.

"கோசாக்கு! வெளியே வாடா! அப்பாவைக் குளிப்பாட்ட புதன்கிழமை யாரு முறை? பெத்த அப்பனை மறந்துட்டு உனக்கு ஜீன்ஸ் ஒரு கேடா?"

இவாவோ பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றான். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்:

"வேணாம்க்கா, சின்னவரை எதுவும் கேக்காதீங்க. பெரியவருக்கு ஒண்ணும் தெரியாது. புதன்கிழமை என் கையைத் தடவிப் பார்த்து 'கோசாக்கு, வந்துட்டியா'ம்பாரு. கையை அமுக்குவேன். ஞாயித்துக்கிழமை 'நோபுவே, வந்துட்டியா'ம்பாரு. அப்பவும் அமுக்குவேன்."