ஒன்று குறைவு

"சிரிக்கிறீங்களா டாக்டரம்மா? என் பிள்ளைக்கு ஒண்ணு குறையுதுன்னு சொல்லிட்டு பல்லைக் காட்டுறீங்க!"

பஷீர் மேசையை ஓங்கித் தட்டினான். பேய்க்கணவாய் பிடிக்கும் மண்குடங்களைக் கடலுக்குள்ளிருந்து இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. பேனா உருண்டு கீழே விழுந்தது.

இக்ராம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். காலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததிலிருந்தே இப்படித்தான், சிரிப்பு அடங்கமாட்டேன் என்கிறது. "நோன்பு தலைக்கேறிடுச்சு" என்று ஆய்வக உதவியாளர் முன்ஜி இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

"மறுபடி சொல்றேன் அண்ணே. ஊர்ல பெரும்பாலும் எல்லாருக்கும் குரோமோசோம் நாற்பத்தாறு. உங்களுக்கு நாற்பத்தஞ்சு. ஏன்னா ரெண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. ரெண்டு மீனை ஒரே தாள்ல சுத்தினா பொட்டலம் ஒண்ணுதான், மீன் ரெண்டுதானே? பிள்ளைக்குப் பிரிச்சுக் குடுக்கும்போது சில நேரம் கணக்கு தப்பிடும். முன்னாடி மூணு கரு நிக்காததுக்கு அதுதான் காரணமா இருக்கணும். இந்தத் தடவை தப்பல. உங்களுக்கு இருக்கிற மாதிரியே ஒட்டி வந்திருக்கு, முழுசா. பொம்பளப் பிள்ளை. நல்லா இருக்கா."

"நாற்பத்தாறு இல்லேல்ல? அப்ப குறைதான்." பஷீர் குரல் இறங்கியது. "படிச்சவங்களுக்கு நாற்பத்தாறு, மீன்காரனுக்கு நாற்பத்தஞ்சு. பள்ளிக்கூடத்துலயும் இதையே சொல்லித்தான் விரட்டுனாங்க. என் குறையோட இன்னொரு உசுரு வேண்டாம். கலைச்சிடுங்க."

கதவோர பெஞ்சில் அவன் மனைவி வஹீதா, நாலரை மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று முறை இந்த ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து வெறுங்கையோடு தங்கள் தீவுக்குப் படகேறியவள். "எனக்கு வேணும்," என்றாள். பஷீருக்குக் கேட்கவில்லை. இக்ராமுக்குக் கேட்டது.

குறை என்ற வார்த்தையைக் கேட்டாலே இக்ராமுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அப்பா ஒலிவ எண்ணெய் ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அந்த வீட்டிலிருந்து முதல்முதலாகக் கல்லூரிக்குப் போன அவளைப் பார்த்து, மூளை பத்தாது என்று சொல்லாத உறவு ஒன்று பாக்கியில்லை.

ஒரு படத்தை எடுத்து மேசையில் அறைந்தாள். "எண்ணுங்க!"

வலைக்கண்ணைச் சரிபார்ப்பதுபோல் பஷீர் விரல் வைத்து எண்ணினான். "நாற்பத்தஞ்சு. என் படம். அதான் தெரியுமே."

"உங்களது இல்ல. நோயாளி ரத்தத்தோட, நல்லா இருக்கிற ஒருத்தர் ரத்தத்தையும் பக்கத்துல வச்சுப் பார்ப்போம், ஒப்பிட. இங்க வேலை செய்யுற ஆள்தான். கல்லு மாதிரி இருக்கு. அந்த ஆளுக்கும் ஒட்டித்தான் இருக்குன்னு இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது!"

மறுபடி சிரிப்பு பீறிட்டது அவளுக்கு.

பஷீர் சுற்றிலும் பார்த்தான். எரிவாயு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு முன்ஜி உள்ளே வந்தார். ஆறடி, கழுத்தே தெரியாத உடம்பு.

"இவரா? அண்ணே, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"அஞ்சு. ஏன்?"

"அஞ்சு!" பஷீர் பாய்ந்துபோய் சிலிண்டரோடு அவரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தான். "வஹீதா, அஞ்சு பிள்ளையாம்! நாற்பத்தஞ்ச வச்சுக்கிட்டு அஞ்சு பெத்திருக்காரு! எந்திரி, பேரு வைப்போம்!"

வஹீதா அழுதுகொண்டே சிரித்தாள்.

"விடுய்யா!" முன்ஜி திமிறினார். "என் ரத்தமா? நோன்பு மாசம், பட்டப்பகல்ல நான் ரத்தம் குடுப்பேனா? நோன்பு முறிஞ்சா யார் பதில் சொல்றது? வல்லாஹி, அல்லா மேல சத்தியமா அது நான் இல்ல!"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பேராசிரியர் ஸுஹைர் வந்துவிட்டார். "நானும் அதைத்தான் கேக்குறேன். இந்த மாசம் ஊசியக் கண்டாலே எல்லாரும் ஓடுனீங்களே. அப்ப இது யார் ரத்தம்? யார் நோன்பு விட்டது? முன்ஜி, நேத்து கழிப்பறைல சிகரெட் வாசம் வந்துச்சு."

"அது... அது வேற கதை சார்!"

பஷீரின் கை தளர்ந்தது. "அப்ப அப்படி ஒரு ஆளே இல்ல. என்னைச் சமாளிக்க ஒரு படம்." அவன் மனைவி பக்கம் திரும்பினான். "வா வஹீதா. முடிச்சிடலாம்."

வஹீதாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

இக்ராமின் சிரிப்பும் நின்றது. பேராசிரியர், முன்ஜி, எட்டிப்பார்க்கும் இரண்டு ஆய்வு மாணவர்கள் என்று ஒவ்வொரு ஆணாகப் பார்த்தாள். காது மடல் சூடேறியது. ஏறட்டும்.

"முன்ஜி மாமாவ விடுங்க சார். இது ஆம்பளை படமே இல்ல. ரெண்டு எக்ஸ் இருக்கு, பொம்பளை. கண்ணாடியப் போட்டுப் பாருங்க."

பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு, அந்த ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரே பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? போன வாரம் எடுத்த என் ரத்தம்தான். பொம்பளைக்கு மாசத்துல சில நாள் நோன்பு கிடையாது. ஏன்னு உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க!" வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் இக்ராம்.

பஷீர் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"வஹீதா, காதுல வச்சுக்க இப்பவே பஞ்சு வாங்கிடலாம். நமக்கும் இதே மாதிரி ஒண்ணு பொறக்கப் போகுது."