மேல்மாடத்தின் முதல் சத்தம்

மூன்றாம் அங்கம் தொடங்கியதும் கயெத்தானோ தன் இரண்டு விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். விசிலடிப்பதற்கு. இங்கே விசில் பாராட்டு அல்ல, பாடகனை விரட்டும் சத்தம்.

பக்கத்து இருக்கையில் இருந்த நீவெஸ் அதைப் பார்த்தாள். அவள் உள்ளங்கை வேர்த்தது.

கீழே மேடையில் கொராதோ ஒரு விரல் உயரத்துக்குத் தெரிந்தான். கதாநாயகன். முந்தின அங்கத்தில் அவன் குரல் இரண்டு இடத்தில் கரகரத்துவிட்டது. இனி மிச்சம் ஒரே ஒரு பெரிய பாட்டு, அதன் முடிவில் ஓர் உச்ச சுரம். அதைத் தாண்டிவிட்டால் பிறகு சாவதுதான் பாக்கி. சாவதற்குக் குரல் அதிகம் வேண்டாம்.

அந்த உச்ச சுரத்தை இசையமைத்தவர் எழுதவே இல்லை. நூறு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் ஆசைக்குச் சேர்த்துப் பாடினான். அன்றிலிருந்து, அது இல்லாமல் முடித்தால், மலிவு டிக்கெட்டில் உச்சியில் உட்காரும் மேல்மாடம் விடாது.

பழைய தியேட்டரை இடித்துவிட்டு, முழுக்கப் பாட்டாகவே நடக்கும் ஓபரா நாடகங்களுக்காக, கண்ணாடியும் மரப்பலகையுமாக இந்த அரங்கைக் கட்டினார்கள். கடைசித் தட்டுக்கு லிஃப்ட் வந்தது. மெத்தை வந்தது. இருக்கைக்கு இருக்கை, பாட்டின் வரிகளைக் காட்டும் சின்னத் திரை வந்தது. மேல்மாடத்து ஆட்களின் குணம் மட்டும் அப்படியே லிஃப்டில் ஏறி வந்துவிட்டது.

கயெத்தானோ தன் திரையை அணைத்தே வைத்திருந்தார். "இத்தாலியில பொறந்தவனுக்கு இத்தாலியப் பாட்டுக்கு எழுத்து எதுக்கு?"

"கண்ணாடிய வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டு, வீராப்பப் பாரு," என்றாள் அவர் மனைவி லீதியா.

அதெல்லாம் இடைவேளையில். அப்போதுதான் அவர் தன் பெருமையையும் சொன்னார். "நாலு வருஷம் முன்னாடி, இதே அரங்கு. நான்தான் முதல்ல விசிலடிச்சேன். மனுஷன் பாதிப் பாட்டுல திரும்பி நடந்துட்டான்! அவசரத்துக்குன்னு மாத்துப் பாடகன் ஒருத்தன் உள்ள உக்காந்திருப்பான்ல, அவனப் பிடிச்சு மேடைக்குத் தள்ளிட்டாங்க. பேன்ட் சட்டையோட வந்து பாடினான். இப்ப அவன் மிலான்ல பெரிய ஆளு. எல்லாம் இந்த ரெண்டு விரலால."

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்," என்றாள் நீவெஸ்.

"கொராதோ உங்க தம்பியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு வேர்வை?"

அவள் கைப்பையில் கைக்குட்டையைத் தேடினாள்.

இப்போது கீழே அந்தப் பெரிய பாட்டு தொடங்கியது. நீவெஸுக்கு அது மூச்சு மூச்சாகத் தெரியும். எந்த இடத்தில் நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும், எந்த இடத்தில் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், எல்லாம். கொராதோவோடு சேர்ந்து அவளும் மூச்சு விட்டாள்.

கடைசி வரி.

அவன் தோள்கள் உயரவில்லை. உயர வேண்டிய நேரத்தில் இறங்கின.

ஏறமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இசையமைத்தவர் எழுதியிருந்தபடியே பாடினான். கீழ் சுரத்தில், மெதுவாக, சுமையை இறக்கி வைப்பவனைப் போல. வாத்தியங்கள் முடிந்தன.

அமைதி.

மேல்மாடத்தில் முதல் சத்தம்தான் தீர்ப்பு. முதலில் விசில் என்றால் இருநூறு பேரும் விசில். கயெத்தானோவின் விரல்கள் உதட்டுக்குப் போய்விட்டன.

நீவெஸ் எழுந்து நின்றாள்.

"பிராவோ!"

தெருவில் போகிறவரைக்கூடச் சத்தம் போட்டுக் கூப்பிடத் தெரியாதவள். அந்தப் பாராட்டு மரச்சுவர்களில் மோதி, அரங்கு முழுவதும் சுற்றி வந்தது. ஒரு நொடி அது மட்டும் தனியாக நின்றது.

பிறகு கீழே யாரோ கைதட்டினார்கள். பிறகு ஒரு வரிசை. பிறகு மேல்மாடமே, சற்றுத் திகைப்போடு, தட்டத் தொடங்கியது.

கொராதோ மார்பில் கை வைத்து மேலே பார்த்தான். பிறகு சாவதற்காக மேடையின் நடுவுக்கு நடந்தான்.

நீவெஸ் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. லீதியா ஒரு புதினா மிட்டாயை அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

கயெத்தானோவுக்கு ஆறவில்லை. கதாநாயகன் செத்து, திரை விழுந்து, விளக்கு வந்ததும் முதல் வேலையாகத் திரும்பினார்.

"காசு வாங்கிட்டுக் கைதட்ட வந்த ஆளா நீங்க?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு. அவர்தான் இன்னிக்கு மாத்துப் பாடகர்."

கயெத்தானோ வாயைப் பிளந்தார்.

"அடக் கடவுளே! அப்போ எனக்கு முன்னாடி நீங்கல்ல விசிலடிச்சிருக்கணும்? அவருக்கு வந்த சான்ஸ் போச்சே!"

"போச்சு," என்றாள் நீவெஸ், முகமெல்லாம் சிரிப்பாக.

பதினொரு வருடமாக அவள் கணவன் எத்தோரே, தன் முறை வரும் இரவுகளில், மேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் காத்திருக்கிறான். பதினொரு வருடமாக அவளும் இங்கே உட்கார்ந்து, எவனுக்காவது தொண்டை கட்டிக்கொள்ளாதா என்றுதான் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் எத்தோரேயின் தொண்டை சரியாகிவிடும் என்று நேற்று டாக்டர் சொன்னார். தியேட்டரில் சொன்னால் அந்த நாற்காலி அடுத்த வருடம் வேறொருவனுக்குப் போய்விடும். அதனால் இருவரும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை, காப்பிக்குச் சர்க்கரை போதும் என்பதைக்கூட அவன் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதித்தான் காட்டினான்.