குண்டுக்கு வந்த கோபம்

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன்.

ராக்கெட் பம்பின் பேரிங்குக்குள்ளே ஓர் எஃகுக் குண்டு சுழன்றுகொண்டிருந்தது. அங்கே பாய்கிற திரவ எரிபொருளின் கடுங்குளிரில் எண்ணெய் ஊற்றினால் கல்லாகிவிடும். அதனால் குண்டைப் பிடித்திருந்த வழவழப்பான வெள்ளைக் கூடுதான் தன் உடம்பைத் தேய்த்து, அந்தப் பொடியை எண்ணெய்க்குப் பதிலாக அதற்குப் பூசிவிடும்.

“சீ! என் பளபளப்பெல்லாம் போச்சு. என்னைத் தொடாதே!” என்று கத்திவிட்டுக் குண்டு ஒதுங்கியே ஓடியது. பூச்சு தீர்ந்ததும், சுற்றியிருந்த இரும்பு வளையத்தோடு உரசிச் சூடேறியது.

“எரிஞ்சு போயிடுவே, கிட்ட வா” என்று கூடு கெஞ்சியது.

“செத்தாலும் உன் மாவு எனக்கு வேண்டாம்!”

கூடும் கோபம் வந்ததுபோல் குரலை உயர்த்தியது. “அட மொட்டைத்தலையா, தைரியமிருந்தா என்னை இடிச்சுப் பாருடா!”

குண்டு வெறிபிடித்து வந்து இடித்தது, மறுபடி மறுபடி இடித்தது. இடித்த இடமெல்லாம் வெள்ளை ஒட்டிச் சூடு தணிந்தது.

பாதி தேய்ந்துபோயிருந்த கூடு, “இவ்வளவுதானா உன் பலம்?” என்று மேலும் சீண்டியது.