ஜப்பான் போலீஸ்காரியின் மன்னிப்பு

ஒரு பெண் காப்பாற்றச் சொல்லி அலறுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்ததால், வேலையில் சேர்ந்து ஆறே மாதமான கான்ஸ்டபிள் முத்துப்பேச்சி லத்தியோடு மாடியேறினாள். அங்கே இருந்தது டப்பிங் ஸ்டுடியோ. ஜப்பான் கார்ட்டூன் ஒன்றுக்காகக் காலையிலிருந்து அலறியதில் நடிகைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"யாருய்யா கத்துனது?" என்று முத்துப்பேச்சி அதட்டியதும் டைரக்டர் துள்ளி எழுந்தார். "மேடம், இந்தக் குரல்தான் வேணும்! படத்துலயும் புது போலீஸ்காரிதான். ஒரே ஒரு வசனம்."

திரையில் பெரிய கண்களுடைய போலீஸ்காரி, தவறாகப் பிடித்துவிட்ட ஆளிடம் இடுப்பு வளையக் குனிந்து வாயசைத்தாள்.

"எதுக்கு சார் இவ இப்படிக் குனியுதா?"

"மன்னிப்புக் கேக்குறா, மேடம்."

"போலீஸா?"

முதல் டேக்கில் 'மன்னிச்சிருங்க' என்பது லைசென்ஸைக் கேட்பதுபோல் வந்தது. ஏழாவது டேக்கில் டைரக்டரே லைசென்ஸைத் தேடினார். "நெஜமாவே யார்கிட்டயாவது கேக்கணும்னா எப்படிக் கேப்பீங்க, மேடம்?"

போன வாரம் பிக்பாக்கெட் என்று நினைத்து ஒரு கல்லூரி மாணவனைச் சட்டையைப் பிடித்துப் பஸ்ஸிலிருந்து இழுத்திருந்தாள். திருடியது அவன் இல்லை என்று தெரிந்ததும், "சரி, போ" என்றாள். அறுந்த பொத்தான் மட்டும் அவள் கையில் தங்கிவிட்டது.

முத்துப்பேச்சி தொப்பியைக் கழற்றினாள். "மன்னிச்சிருங்க தம்பி. விசாரிச்சிருக்கணும். அத்தனை பேர் முன்னால வச்சு..."

திரையில் போலீஸ்காரி வாயை மூடி, நிமிர்ந்து, சைக்கிளேறிப் போயே போய்விட்டாள். முத்துப்பேச்சி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ரெக்கார்டிங்கை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை.