சிலோன்காரிக்குச் சாட்சி

சங்கரம்மாள் வீடு எது என்று ஏட்டையா கேட்டபோது தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முப்பிடாதிக்குத்தான் முதலில் விளங்கியது.

"யாரு, நம்ம சிலோன்காரியவா தேடுதீங்க?"

ஏட்டையாவின் பேனா நின்றது.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் குடிவந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டேன். என் வாயில் விழாமல் இந்தத் தெருவில் யாரும் குடித்தனம் பண்ண முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விசாரணை அவள் மகள் இசக்கிசெல்வியின் பாஸ்போர்ட்டுக்காக. குவைத்தில் நர்ஸ் வேலை. மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. இது தெருவுக்கே தெரியும். நான்தான் சொன்னேன்.

வருஷம் தொண்ணூற்றெட்டு. சிலோன் என்று காதில் விழுந்தாலே போலீசுக்கு மூக்கு விடைக்கும் காலம்.

ஏட்டையா அவள் வாசலுக்குப் போனார். பின்னாலேயே நாங்களும் போனோம். போகாமல் இருக்க முடியுமா?

"அகதியா? கேம்ப்ல பதிஞ்சிருக்கா?"

சங்கரம்மாள் அகதி இல்லை. சிலோன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தாத்தா இந்தப் பக்கத்துக்காரர் என்பதால், 'நீ இந்தியாக்காரி' என்று அந்த அரசாங்கம் கப்பலேற்றிவிட்டது. 'சரி, நம்ம ஆள்' என்று இந்த அரசாங்கம் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டது. அவள் நீட்டிய அட்டையில் அந்த முத்திரை இருந்த மூலையைக் கரையான் தின்றிருந்தது.

ஏட்டையா வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். அவரை யாரும் எந்த நாடு என்று கேட்டதில்லை. தமிழைத் தவிர ஒன்றும் தெரியாத சங்கரம்மாளிடம் அவர் மூன்று தடவை கேட்டார். அவள் மூன்று தடவையும், "இந்தியாதான்" என்றாள். மூன்றாவது தடவை குரல் கேட்கவில்லை.

"அக்கம்பக்கத்துல ஒரு ஆளு கையெழுத்துப் போட்டா எழுதி அனுப்பிருதேன். இல்லன்னா மேல கேக்கணும்."

மேலே கேட்பதென்றால் ஆறு மாதம்.

முப்பிடாதிக்குத் திடீரென்று அடுப்பு ஞாபகம் வந்தது. மற்ற இரண்டு பேருக்கும் அதே அடுப்புதான் போல. திரும்பிப் பார்த்தால் நான் மட்டும் நிற்கிறேன்.

"நீங்க எந்த ஊரும்மா?"

ஊர்க்கதை எல்லாம் பேசுகிற நான் விரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினேன்.

"அவிய கடம்பூர்ப் பக்கம், ஏட்டையா. இங்கனயே பிறந்து வளந்தவிய." சங்கரம்மாள் முந்திக்கொண்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஏட்டையா என்னிடம் தாளை நீட்டினார். இந்தக் குடும்பத்தை எத்தனை வருஷமாகத் தெரியும் என்று எழுதச் சொன்னார்.

'ஆறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுபத்து நாலில், தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்த கப்பலில், வழியெல்லாம் வாந்தியெடுத்த என் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தவள் சங்கரம்மாள்.