கடைசியாகச் சாப்பிடுகிறவள்

“அதில இருக்காதை பிள்ளை. அது அவவின்ர கதிரை.”

பாதி உட்கார்ந்த அஸ்வினி அப்படியே எழுந்துவிட்டாள். மாமனார் ஏர்னஸ்ட் காட்டிய நாற்காலியில் யாரும் இல்லை. அதற்கு நேராக மேசையில் ஒரு வெறும் தட்டும் முள்ளுக்கரண்டியும் மட்டும் இருந்தன.

தட்டு மாமியார் பேர்ணடெட்டுக்கு. அவர் பொஸ்டனில் இறந்த பிறகு மகன் அன்றூ அப்பாவைத் தனியே விட மனசில்லாமல் நியூசிலாந்தில் தன் வீடு இருக்கும் பாபகூராவுக்கு அழைத்து வந்துவிட்டான். இந்த வீட்டில் வைக்கிற முதல் தேங்க்ஸ்கிவிங், அமெரிக்கர்களின் நன்றி விருந்து, இது.

அமெரிக்காவில் முப்பது வருஷம் இருந்த குடும்பம். ஊரெல்லாம் வான்கோழிக்கு வெண்ணெய் தடவினால், பேர்ணடெட் யாழ்ப்பாணக் கறித்தூளைப் பூசி ஊற வைப்பார். கிரான்பெரி சோஸில் பச்சை மிளகாயை அரிந்து போட்டு, அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களைக் கண்ணீர் விட வைத்த புண்ணியவதி.

இன்றைக்கும் அதே சமையல்தான். வான்கோழிக்காக அன்றூ தூரத்து ஒடாஹுஹு கடைகள் வரை அலைந்தான். இதைப் போய் இப்போது கேட்கிறாயே என்று கடைக்காரர் சிரித்தாராம். கல்லாக உறைந்து கிடந்த ஒன்றைத் தேடிப் பிடித்து வந்திருந்தான்.

“ஏங்க, எனக்குப் பயமா இருக்கு” என்று அஸ்வினி சமையலறையில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “காலையில மாமா இந்த வாசல்ல நின்னு யார்கிட்டயோ பேசிட்டிருந்தார். அப்புறம் என்கிட்ட வந்து, அத்தை உப்புப் பார்க்கச் சொன்னாங்கன்னு சொல்றார்.”

“கதைக்கட்டும் விடு. பாவம் மனுசன்.”

“நான் உண்மையாவே உப்புப் போட மறந்திருந்தேங்க!”

அன்றூ அதைக் கேட்காதவன் போல ஓவனில் இருந்து பம்ப்கின் பை என்கிற பூசணி இனிப்பை வெளியே எடுத்தான். பேயோ பிசாசோ, அவன் கவலை வேறு; போன வாரம் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது.

“இண்டைக்கு ஒரு நாள் அப்பா சிரிச்சுச் சாப்பிடோணும். எனக்கு அது போதும்” என்றான்.

“அப்ப நீங்க அழாம இருங்க. காலையிலிருந்து ரெண்டு தடவை பார்த்துட்டேன்.”

ஏர்னஸ்ட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ஓக் மரம் பழுத்த இலைகளை முற்றமெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. “பொஸ்டன் மாதிரியே கிடக்கு” என்று சொல்லிக்கொண்டார்.

மனைவி போன பிறகு ஆள் பாதியாகக் கரைந்திருந்தார். நாள், கிழமை எல்லாம் குழம்பிவிடும். “அப்பா, இண்டைக்குத் தேங்க்ஸ்கிவிங்” என்று காலையில் அன்றூ சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் சவரம் செய்து, கோட்டையும் மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டார்.

எல்லோரும் மேசைக்கு வந்தார்கள். அஸ்வினி வான்கோழியின் முதல் துண்டை எடுத்து வெறும் தட்டுக்குக் கொண்டுபோனாள்.

“எங்க ஊர்ல போனவங்களுக்குத்தான் முதல்ல வெப்போம் மாமா.”

“வேண்டாம் பிள்ளை. அவ ஒருநாளும் முதல்ல சாப்பிட்டதில்லை. எல்லாருக்கும் குடுத்துப்போட்டுக் கடைசியாத்தான் இருப்பா.”

சொல்லி வாய் மூடவில்லை, வெறும் தட்டின் மேல் முள்ளுக்கரண்டி கிணுக்கென்று அசைந்தது. அஸ்வினி கையிலிருந்த துண்டைப் பழையபடி பாத்திரத்தில் போட்டுவிட்டாள்.

“ரயில் போகுது” என்றான் அன்றூ. ரயில் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஏர்னஸ்ட் மட்டும் ஒன்றுமே நடக்காதது போலச் சாப்பிட்டார். கொஞ்சம்தான் இறங்கியது. ஆனால் கிரான்பெரி சோஸ் நாக்கில் பட்டதும் உறைப்பில் உஸ்ஸென்று ஊதி, வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்பிடியே அவவின்ர கைதான்!”

அன்றூ வெகுநாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டான். பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டதென்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

பை வெட்டுவதற்கு முன் ஆளுக்கொரு நன்றி சொல்வது அந்த வீட்டு வழக்கம். நல்ல புருஷனும் நல்ல மாமாவும் கிடைத்ததற்கு நன்றி என்று அஸ்வினி சுருக்கமாக முடித்துக்கொண்டாள்.

“அப்பா, நீங்கள் இஞ்ச எங்களோட இருக்கிறதுக்கு...” என்று தொடங்கிய அன்றூ பாதியில் நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டான். மேசைக்கு அடியில் அஸ்வினி அவன் கையை அழுத்திப் பிடித்தாள்.

“அம்மாவை நினைச்சிட்டார் மாமா” என்று அவசரமாகச் சமாளித்தாள்.

ஏர்னஸ்ட் மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. எழுந்து, வான்கோழியில் இருந்ததில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து மனைவியின் தட்டில் வைத்தார்.

பிறகு வெறும் நாற்காலியின் பக்கம் சாய்ந்து, இரகசியம் சொல்கிறவர் போல மெல்லச் சொன்னார்:

“இஞ்சாரும், பொடியன் நவம்பர் விருந்தை ஏப்ரலிலயே வைச்சிட்டான், நான் கெதியா உம்மட்ட வந்திடுவன் போல.”