கார் நோன்பு

ஒரு மனுஷனுக்கு லீவு கொடுத்தால் சந்தோஷப்பட வேண்டாமா? இந்த டிரைவர் என்னடாவென்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

டைல்ஸ் கடை முதலாளிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். நோன்பு காலம் பிறந்த ஞாயிற்றுக்கிழமை, போதகர் பிரசங்கத்தில் வெளுத்து வாங்கிவிட்டார். சொகுசில் புரண்டுகொண்டு ஏழையை மறக்கிறவனுக்கு நோன்பு ஒரு கேடா, உங்களால் விடவே முடியாத ஓர் ஆடம்பரத்தை இந்த நாட்களில் விட்டுக் காட்டுங்கள் என்று ஒரே போடாகப் போட்டார். சொல்லும்போது தன்னையே பார்த்த மாதிரி முதலாளிக்குப் பட்டது.

சாப்பாட்டை விடலாமா என்று முதலில் யோசித்தார். வயிறு சம்மதிக்கவில்லை. கடைசியில் காரை விடுவதென்று முடிவாயிற்று.

“நாளையிலேருந்து வண்டி வேண்டாம் தம்பி. நோன்பு முடியிற வரைக்கும் எனக்கு நடைதான்.”

“அப்ப நான், ஐயா?”

“நீ பொண்டாட்டி பிள்ளையோட நிம்மதியா வீட்ல இரு.”

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் முதலாளி ஜெபம் பண்ண உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் தொப்பை முன்னால் போக, அவர் பின்னால் போனார். வண்டி ரிப்பேரா என்று எதிரில் வந்தவர்கள் கேட்டார்கள். அதற்குத்தானே காத்திருந்தார். இல்லைங்க, நோன்புக்கு ஆண்டவர்கிட்ட ஒரு பொருத்தனை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

கேட்க ஆளில்லாத தெருவில் கால் வலி உயிர் போயிற்று. சபை ஆட்கள் குடியிருக்கிற தெருவில் வலியே தெரியவில்லை. அதனால் தினமும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டே கடைக்குப் போனார். இது என்ன பிழைப்பு என்று அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. பெருமை இல்லாத மனசைத் தாரும் ஆண்டவரே என்று முழங்கால் போட்டு வேண்டிக்கொண்டார். எழுந்தபோது, எவ்வளவு தாழ்மையாக வேண்டிக்கொண்டோம் என்று கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நோன்பு அவருக்கு, கால் பிடித்துவிடுகிற வேலை மனைவிக்கு.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார். அந்த டிரைவரைத்தான் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் காலையில் கேட் பக்கம் வந்து நின்றான். ஒரு நடையாவது வண்டி எடுக்கட்டுங்களா ஐயா என்றான். வெயில் கொளுத்துதே ஐயா என்றான். வண்டியைக் கழுவியாவது வைக்கட்டுமா என்று போன் பண்ணினான்.

“பாவங்க, அந்தத் தம்பி இன்னைக்கும் வந்துட்டுப் போகுது” என்றாள் மனைவி.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. பிசாசு கொம்பு வச்சுக்கிட்டா வருவான்? இப்படித்தான் கையில கார் சாவியோட வருவான்” என்றார்.

அதன்பிறகு டிரைவர் தலை தெரிந்தாலே பின்வாசல் வழியாக நடையைக் கட்டினார். சோதனையை ஜெயித்துவிட்ட திருப்தியில் அன்றெல்லாம் நன்றாகப் பசித்தது.

நோன்பு முடிந்தது. பெட்ரோல் செலவும் டிரைவர் கூலியும் மிச்சமானதில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிப் பை பையாகக் கட்டி, கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குக் கொடுக்கச் சொல்லி சபையில் இறக்கினார். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. உங்க கையாலேயே கொடுங்க என்று அவரை முன்னால் நிறுத்தினார்.

ஆராதனை முடிந்து பின்கட்டு ஹாலில் வரிசை நின்றது. முதலாளி கூச்சப்பட்டார். கூச்சப்படுவது போட்டோவில் நன்றாக விழுகிறதா என்பதிலும் ஒரு கண் இருந்தது. எடுக்கிறவன் இந்தப் பக்கம் பாருங்க, இந்தப் பக்கம் பாருங்க என்றதால் வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்கத் தோதுப்படவில்லை. கை நீளும், பையைக் கொடுப்பார், அடுத்த கை வரும்.

ஒரு கை மட்டும் நீளத் தயங்கியது. திரும்பிப் பார்த்தார்.

டிரைவர். பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு அவன் மனைவி.

முதலாளிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லீவு கொடுத்து உட்கார வைத்தால், இங்கேயும் வந்து ஏழை வயிற்றில் அடிக்கிறானே.

“இங்க எதுக்குப்பா வந்து நிக்கிற? இது சாப்பாட்டுக்கே இல்லாதவங்களுக்கு” என்றார், தணிந்த குரலில்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

“வண்டி ஓடுற நாளுக்குத்தானே எனக்குக் கூலி? நீங்க நோன்பு ஆரம்பிச்ச நாள்லேருந்து எங்க வீட்லயும் நோன்புதாங்க ஐயா.”